பெட்டியை வெட்டிப் பார்க்கட்டும்: பன்முகிகள் குறித்த வாசகர் கேள்விகள்

பிள்ளைகளுக்கு முப்பரிமாண வடிவங்களைக் கற்பிப்பதில் எழும் ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பெற்றோர், ஆசிரியர், மாணவர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஐயம் பல கடிதங்களில் வந்திருந்தால் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். தட்டையான பல்கோணங்களால் மட்டும் எல்லாப் பக்கமும் அடைபட்ட திண்ம வடிவமே பன்முகி. அந்தப் பல்கோணம் ஒவ்வொன்றும் ஒரு முகம். இரு முகங்கள் சந்திக்கும் கோடு விளிம்பு. விளிம்புகள் கூடும் புள்ளி முனை. பன்முகியை விளிம்புகளின் வழியே வெட்டி ஒரே துண்டாகத் தட்டையாக்கினால் கிடைக்கும் உருவம் விரிப்பு. கீழே வரும் பதில்களில் இச்சொற்கள் இந்தப் பொருளிலேயே வரும்.

கேள்வி: தொடக்கநிலை 4இல் படிக்கும் என் மகனுக்குக் கனசதுரத்தின் விரிப்பு பிடிபடவே மாட்டேன் என்கிறது. ஆறு சதுரங்கள் கொண்ட படத்தைக் காட்டி, இதை மடித்தால் பெட்டி ஆகுமா, இந்த முகத்துக்கு எதிர்முகம் எது என்று கேட்டால், ஊகித்துத்தான் எழுதுகிறான். துணைப்பாட ஆசிரியர் பதினொரு விரிப்புகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார். இது சரியான வழியா?
— ஒரு தாயார், யீஷூன்

பதில்: மனப்பாடம் வேண்டாம். பதினொன்று என்ற எண்ணிக்கை சரியானதுதான். ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து அமைக்கக்கூடிய உருவங்கள் மொத்தம் 35. அவற்றுள் மடித்தால் கனசதுரம் ஆகக்கூடியவை 11. ஆனால், தேர்வுத்தாளில் அதே உருவம் பக்கவாட்டில் சாய்ந்தோ தலைகீழாகவோ இடம்வலம் மாறியோ வந்துவிட்டால், மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது பன்னிரண்டாவது உருவமாகத் தெரியும். எதிர்முகம் எது என்ற கேள்விக்கோ மனப்பாடத்தில் விடையே இல்லை.

பயிற்சி நூல்கள் பெரும்பாலும் விரிப்பை முதலில் காட்டி அதை மனத்தில் மடிக்கச் சொல்கின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதே என் பரிந்துரை. முழுப் பெட்டியைக் கையில் கொடுத்து, அதை அவனே வெட்டித் தட்டையாக்கட்டும். பேரங்காடியில் விற்கும் சதுர டிஷ்யூ பெட்டி ஏறத்தாழக் கனசதுரமாகவே இருக்கும்; பற்பசைப் பெட்டியும் மருந்துப் பெட்டியும் கனச்செவ்வகத்துக்கு உதவும். கடைப் பெட்டிகளில் மூடியைச் செருகுவதற்கான நாக்குகளும் ஒட்டுவதற்கான பட்டையும் உள்ளே மடிந்திருக்கும். அவை முகங்கள் ஆகா. ஆகவே முதலில் அவற்றை நீங்களே நறுக்கி எறிந்துவிட்டு, ஆறு முகங்களையும் ஒட்டுநாடாவால் சேர்த்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால், பிள்ளை பத்து முகம், பன்னிரண்டு முகம் என்று எண்ணிக் குழம்புவது உறுதி. முகங்களின்மேல் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று அவன் கையாலேயே எழுதட்டும்.

இனி வெட்டலாம். விளிம்பின் வழியாக மட்டுமே கத்தரிக்கோல் போக வேண்டும். எந்தத் துண்டும் தனியே விழக் கூடாது. முடிவில் பெட்டி மேசைமேல் தட்டையாகப் படுக்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளுக்குள் அவன் விருப்பப்படி எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். எத்தனை விளிம்புகளை வெட்டினான் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். எப்படி வெட்டினாலும் ஏழுதான் வரும். இன்னொரு பெட்டியை அவன் அக்கா வேறு விதமாக வெட்டினால் விரிப்பின் உருவம் மாறும், ஏழு மாறாது. பன்னிரண்டு விளிம்புகளில் ஏழு வெட்டுப்பட, ஐந்து மடிப்புகளாக எஞ்சும். ஏன் ஐந்து என்பதை இந்த வயதுப் பிள்ளையே சொல்லிவிடும்: ஆறு சதுரங்களை ஒரே துண்டாகப் பிடித்து வைக்க ஐந்து இணைப்புகள் வேண்டும்; ஆறாவது ஒன்று வெட்டப்படாமல் மிஞ்சினால் பெட்டி படுக்காது.

எதிர்முகத்துக்கு வருவோம். தட்டையாகக் கிடக்கும் அட்டையில் எழுதிய பெயர்களைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஒரே நேர்வரிசையில் மூன்று சதுரங்கள் இருந்தால், நடுச் சதுரத்தின் இரு புறமும் இருப்பவை ஒன்றுக்கொன்று எதிர்முகங்கள். பதினொரு விரிப்புகளில் பத்துக்கு இந்த விதி கைகொடுக்கும். எஞ்சிய ஒன்றில் மூன்று சதுரங்கள் எங்குமே நேர்வரிசையில் வருவதில்லை. இரண்டிரண்டாகப் படிக்கட்டு வடிவில் இறங்கும். அங்கே வலம், கீழ், வலம் என்று வளைந்து செல்லும் நான்கு சதுரங்களை எடுத்துக்கொண்டால் முதலாவதும் நான்காவதும் எதிர்முகங்கள். இதையும் சொல்லித் தராதீர்கள். அந்த விரிப்பை மடித்துப் பார்க்கும்போது அவனுக்கே தெரியவரும்.

பெட்டி ஆகாத உருவங்களைத் தள்ளுவதற்கும் காரணத்தோடு பழக்குங்கள். ஐந்து சதுரங்கள் ஒரே வரிசையில் நின்றால், மடிக்கும்போது ஐந்தாவது முதலாவதன்மேல் போய் விழும். நான்கு சதுரங்கள் இரண்டுக்கிரண்டாகச் சேர்ந்து ஒரு புள்ளியைச் சூழ்ந்தால் அங்கே 360 பாகையும் நிரம்பிவிடும். கனசதுரத்தின் முனையில் மூன்று சதுரங்களுக்குத்தான் இடம். நான்கு சதுர வரிசையின் ஒரே பக்கத்தில் மற்ற இரண்டும் ஒட்டியிருந்தால், ஒரு பக்கத்துக்கு இரண்டு மூடி கிடைக்கும், மறுபக்கம் திறந்தே இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் முதலில் ஊகத்தை எழுதிவிட்டுப் பிறகு வெட்டி மடித்துச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், தேர்வறையில் கத்தரிக்கோல் இல்லாமலேயே சமாளித்துவிடுவான்.

கேள்வி: கனசதுரத்தின் படத்தைக் காட்டி முகங்களை விவரிக்கச் சொன்னால், "இரண்டு முகங்கள் சதுரம், நான்கு முகங்கள் சாய்ந்தவை" என்று என் மாணவர்கள் சிலர் எழுதுகிறார்கள். கையில் கனசதுரத்தைக் கொடுத்தால் சரியாகச் சொல்கிறார்கள். ஏன் இப்படி?
— தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: அவர்கள் தாளில் கண்டதை உண்மையாக எழுதியிருக்கிறார்கள். நாம் வழக்கமாகக் கரும்பலகையில் வரையும் படத்தில் முன்முகமும் பின்முகமும் மட்டுமே சதுரம். மற்ற நான்கும் இணைகரங்கள். புள்ளித்தாளில் வரையும் சமஅளவுப் படத்திலோ சதுரமே கிடையாது. தெரிகின்ற மூன்று முகங்களும் 60, 120 பாகைக் கோணங்கள் கொண்ட சாய்சதுரங்கள். படத்தைப் படமாகப் பார்ப்பதும், படம் எதைக் குறிக்கிறது என்று பார்ப்பதும் இரு வேறு திறன்கள். வடிவியல் சிந்தனை படிப்படியாக வளர்கிறது என்று 1957இல் எடுத்துக்காட்டிய டச்சுக் கல்வியாளர்களான வான் ஹீலே தம்பதியர், முதல் படியில் இருக்கும் பிள்ளை வடிவத்தை அதன் ஒட்டுமொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறது என்றும், அதன் பண்புகளை வைத்து யோசிப்பது அடுத்த படி என்றும் விளக்கினார்கள். நம் பள்ளிகளில் 1980களிலிருந்து பின்பற்றப்படும் முறை, கையில் தொடும் பொருள், பிறகு படம், அதன் பிறகு குறியீடு என்பது. இதில் பொருளிலிருந்து படத்துக்குத் தாவும் இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டுவிடுகிறோம்.

இடைவெளியை நிரப்ப நிழல் நல்ல துணை. சத்தே குச்சிகளாலும் களிமண் உருண்டைகளாலும் ஒரு கனசதுரக் கூடு செய்து, வெயிலில் பிடித்துத் தரையில் அதன் நிழலைப் பாருங்கள். கூட்டைத் திருப்பத் திருப்பச் சதுரம் செவ்வகமாகும், இணைகரமாகும். கூடு மாறவில்லை, நிழல்தான் மாறுகிறது என்பதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள். படம் என்பதும் அத்தகைய ஒரு நிழலே. சிங்கப்பூரில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் மாதத்தின் நான்காம் வாரத்திலும் பிற்பகல் ஒரு மணியளவில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கூட்டை ஒரு முனையில் நூல் கட்டித் தொங்கவிட்டால், பள்ளித் திடலில் விழும் நிழலின் வெளிவரம்பு ஓர் ஒழுங்கு அறுகோணமாக இருக்கும். புள்ளித்தாளில் வரையும் கனசதுரத்தின் வெளிவரம்பும் அதே அறுகோணம்தான்.

கேள்வி: தமிழ் வகுப்புக்குப் பின் சிறு பிள்ளைகளுக்குக் கணித விளையாட்டுகள் நடத்துகிறேன். உருளைக்கு எத்தனை முகம், எத்தனை விளிம்பு என்பதில் பெற்றோர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்துவிட்டது. ஒருவர் இரண்டு முகம் என்கிறார், இன்னொருவர் மூன்று என்கிறார்.
— தொண்டூழியர், செங்காங்

பதில்: இருவரும் தத்தம் வரையறைப்படி சரியே. முகம் என்றால் தட்டையாக இருக்க வேண்டும் என்பவருக்கு இரண்டு. வளைபரப்பையும் முகமாக எண்ணுபவருக்கு மூன்று. உருளை பன்முகியே இல்லை என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. அதனால் பன்முகிக்கான எண்ணிக்கையை அதன்மேல் ஏற்றும்போது இந்தச் சண்டை வந்தே தீரும். 2019 முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளுக்கு மதிப்பெண் தேர்வுகளே இல்லாத நிலையில், இதில் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. எது உருளும், எது சறுக்கும், எதை அடுக்கலாம் என்று பிரித்துப் பார்த்தால் இந்த வயதுக்குப் போதும்.

பெரியவர்களுக்காக ஒரு குறிப்பு. ஓட்டை இல்லாத எந்தப் பன்முகியிலும் முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும் என்பது ஆய்லர் வாய்ப்பாடு. உருளையில் முனை 0, விளிம்பு 2, முகம் 3 என்று கொண்டால் 0 − 2 + 3 = 1 என்றாகிறது. வளைபரப்பில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டால் முனை 2, விளிம்பு 3, முகம் 3. இப்போது 2 வந்துவிடும். கூம்புக்கு அப்படிக் கோடு இழுக்காமலேயே 1 − 1 + 2 = 2 என்று வருவது தற்செயல்; அதைக் காட்டிக் கூம்பையும் பன்முகி என்று யாரும் வாதாட வேண்டாம்.

கேள்வி: நானும் என் நண்பனும் நடுவில் ஓட்டை உள்ள மரப் படச்சட்டத்தின் முனை, விளிம்பு, முகங்களை எண்ணினோம். எனக்கு 16, 24, 10 வந்தது; 16 − 24 + 10 = 2. ஆய்லர் வாய்ப்பாடு பொருந்துகிறது. ஆனால், ஓட்டை இருந்தால் 0 வர வேண்டும் என்று நண்பன் சொல்கிறான். யார் சரி?
— உயர்நிலை 2 மாணவர், தெம்பனிஸ்

பதில்: தம்பி, உங்கள் எண்ணிக்கையில் தவறில்லை, நண்பர் சொல்வதும் சரி. சிக்கல் சட்டத்தின் முன்பரப்பிலும் பின்பரப்பிலும் இருக்கிறது. அவை இரண்டும் நடுவில் திறப்புள்ள வளையங்கள். வளையம் ஒரு பல்கோணம் ஆகாது. பல்கோணத்துக்கு ஒரே தொடர்ச்சியான எல்லை இருக்க வேண்டும், வளையத்துக்கோ உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு எல்லைகள். முன்வளையத்தில் உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஒரே ஒரு கோடு போடுங்கள், பின்வளையத்திலும் அப்படியே. முகங்களின் எண்ணிக்கை மாறாது, விளிம்புகள் மட்டும் 26 ஆகும். 16 − 26 + 10 = 0. தச்சர் செய்வதுபோல் நான்கு மூலைகளிலும் சாய்வு இணைப்பு வைத்தால், முன்னும் பின்னும் நான்கு நான்கு சரிவகங்கள் கிடைக்கும். அப்போது 16 − 32 + 16, மீண்டும் 0. வளையம் ஒவ்வொன்றும் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டது, ஓட்டை இரண்டைக் குறைத்தது; இரண்டும் ஈடாகிப் போனதால் உங்களுக்கு 2 கிடைத்தது.

பெர்லினில் இருந்த லியோன்ஹார்டு ஆய்லர் 1750 நவம்பரில் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இந்த உறவைக் குறிப்பிட்டார். ஓட்டையுள்ள திண்மங்களுக்கு அது பொருந்தாது என்பதைச் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் சிமோன் லுய்லியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். ஆகவே நீங்கள் இருவரும் மோதிக்கொண்ட இடம், கணித அறிஞர்களே அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்த இடம்.

இனி, 2 எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள். யீஷூன் தாயாருக்குச் சொன்ன வெட்டு விளையாட்டிலேயே அதற்கான விடை இருக்கிறது. ஓட்டை இல்லாத ஒரு பன்முகியை ஒரே துண்டாக விரிப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டு எட்டாத முனை ஒன்றுகூட இருக்க முடியாது. இருந்தால் அந்த இடம் குமிழ்போல் எழும்பி நிற்கும், தட்டையாகாது. வெட்டுகள் ஒரு சுற்றாக மூடிக்கொள்ளவும் கூடாது. மூடினால் ஒரு துண்டு தனியே விழுந்துவிடும். எல்லா முனைகளையும் தொட்டு, எங்கும் சுற்றாக மூடாமல் செல்லும் வெட்டுகளின் எண்ணிக்கை முனைகளைவிட ஒன்று குறைவு. முகங்களைப் பிடித்திருக்கும் மடிப்புகளோ முகங்களைவிட ஒன்று குறைவு. ஒவ்வொரு விளிம்பும் வெட்டு அல்லது மடிப்பு, இரண்டில் ஒன்று. எனவே விளிம்புகளின் எண்ணிக்கை, முனைகளையும் முகங்களையும் கூட்டி 2ஐக் கழித்தால் வருவது. கனசதுரத்தில் ஏழு வெட்டும் ஐந்து மடிப்பும் சேர்ந்து பன்னிரண்டு. உங்கள் சட்டத்தை இப்படி விரிக்க முயன்று பாருங்கள். எந்த இடத்தில் இந்த வாதம் முறிகிறது என்று நண்பரோடு சேர்ந்து கண்டுபிடிக்கலாம். சுற்றாக மூடிய வெட்டு எப்போதும் ஒரு துண்டைப் பிரித்துவிடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: உறிஞ்சுகுழல்களில் கயிறு கோத்துக் கனசதுரம் செய்தோம். நிற்கவே இல்லை, சரிந்து தட்டையாகிவிடுகிறது. நான்முகி மட்டும் உறுதியாக நிற்கிறது. செய்முறையில் என்ன குறை?
— சமூக நிலையத்தில் வகுப்பு நடத்தும் ஆசிரியர், உட்லண்ட்ஸ்

பதில்: செய்முறையில் குறையே இல்லை, நீங்கள் ஒரு நல்ல பாடத்தின் வாசலில் நிற்கிறீர்கள். பக்க நீளங்களைப் பொருத்திவிட்டால் முக்கோணத்தின் வடிவம் மாற வழியில்லை. சதுரமோ நீளம் மாறாமலேயே சாய்சதுரமாகச் சாயும். ஆகையால், முகங்கள் எல்லாம் முக்கோணமாக உள்ள நான்முகி, எண்முகி, இருபதுமுகி ஆகியவை கயிற்று முடிச்சுகளிலும் விறைப்பாக நிற்கும். கனசதுரமும் பன்னிருமுகியும் சரியும். களிமண் உருண்டையால் இணைத்திருந்தால் இந்த வேறுபாடு மறைந்துபோயிருக்கும், ஏனெனில் களிமண் கோணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இந்தப் பாடத்துக்குக் கயிறுதான் ஏற்றது.

இத்தகைய கூடு விறைப்பாக நிற்க எத்தனை தண்டுகள் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். நான்முகிக்கு 6, எண்முகிக்கு 12, இருபதுமுகிக்கு 30. மூன்றிலும் விளிம்புகளின் எண்ணிக்கை அதுவேதான். கனசதுரத்துக்கு 18 வேண்டும், இருப்பது 12. குறையும் ஆறையும் முகத்துக்கு ஒன்றாக மூலைவிட்டமாகப் போடுங்கள். விளிம்பு 10 செ.மீ. என்றால் மூலைவிட்டம் 14.1 செ.மீ. இந்த ஆறுக்கு வேறு நிறக் குழல்களைப் பயன்படுத்தி, எதிரெதிர் முகங்களின் மூலைவிட்டங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறும், ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு முனைகளில் மட்டும் சேருமாறும் வைத்தால், கனசதுரத்துக்குள் ஓர் ஒழுங்கு நான்முகி உட்கார்ந்திருப்பது பளிச்சென்று தெரியும். அதன் கனஅளவு கனசதுரத்தின் கனஅளவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. உயர்நிலை மாணவர்களிடம் அதை நிறுவச் சொல்லலாம். பன்னிருமுகிக்கு 54 வேண்டும், இருப்பது 30. முகத்துக்கு இரண்டு மூலைவிட்டம் வீதம் 24 போட்டால் கணக்கு நேராகிவிடும்.

வகுப்பு முடிந்து போகிற வழியில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கட்டுமானத் தளங்களில் நிற்கும் பாரந்தூக்கிக் கோபுரத்தைக் காட்டுங்கள். அதன் குறுக்குவெட்டு சதுரம்தான்; ஆனால் பக்கங்கள் முழுவதும் சாய்தண்டுகள் ஓடிச் சதுரங்களை முக்கோணங்களாகப் பிரித்திருக்கும்.

கேள்வி: ஒழுங்குப் பன்முகிகள் ஐந்துதான் என்று மகள் படித்துவிட்டு, "ஏன் ஆறாவது இல்லை? இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லையா?" என்று கேட்கிறாள். அவளுக்கு 12 வயது. எப்படிச் சொல்வது?
— ஒரு தந்தை, பொங்கோல்

பதில்: அட்டையில் வெட்டிய சமபக்க முக்கோணங்கள், சதுரங்கள், ஒழுங்கு ஐங்கோணங்கள், அறுகோணங்கள் ஒரு கைப்பிடி இருந்தால் அரை மணி நேரத்தில் அவளே சொல்லிவிடுவாள். ஒழுங்குப் பன்முகியில் எல்லா முகங்களும் ஒரே ஒழுங்குப் பல்கோணம்; எல்லா முனைகளிலும் கூடும் முகங்களின் எண்ணிக்கையும் ஒன்றே. ஒரு முனை உருவாகக் குறைந்தது மூன்று முகங்கள் கூட வேண்டும். அவற்றின் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் அட்டை குவிந்து எழும். முக்கோணங்களை ஒரு புள்ளியில் மூன்று, நான்கு, ஐந்து என்று சேர்க்கலாம். ஆறைச் சேர்த்தால் தட்டையாகிவிடும். சதுரங்களில் மூன்றுக்கு மேல் இடமில்லை. ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை; மூன்று சேர்ந்தால் 324, அத்தோடு சரி. அறுகோணங்கள் மூன்று சேர்ந்தாலே 360. ஆக, முனைகள் அமையும் வழிகள் ஐந்தே. அவை முறையே நான்முகி, எண்முகி, இருபதுமுகி, கனசதுரம், பன்னிருமுகி. ஐந்துக்கு மேல் இல்லை என்பது பண்டைக் கிரேக்க அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூலின் பதின்மூன்றாம் பகுதியிலேயே நிறுவப்பட்டுவிட்டது. தேடிக் கிடைக்காத ஒன்றைப் பற்றிய பேச்சு இது ஆகாது.

அவளுக்கு இன்னும் ஆர்வம் இருந்தால், ஒவ்வொரு முனையிலும் 360க்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடச் சொல்லுங்கள். கனசதுரத்தில் முனைக்கு 90 வீதம் எட்டு முனைகள். நான்முகியில் 180 வீதம் நான்கு. எண்முகியில் 120 வீதம் ஆறு. இருபதுமுகியில் 60 வீதம் பன்னிரண்டு. பன்னிருமுகியில் 36 வீதம் இருபது. எல்லாவற்றுக்கும் 720. ஒழுங்கற்ற பற்பசைப் பெட்டிக்கும் இதே 720தான். ஆய்லருக்கு நூறாண்டுக்கும் முன்பே பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து இதைக் குறித்து வைத்திருந்தார். பழைய கறுப்பு வெள்ளைக் காற்பந்தின் வடிவத்தில் 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் உண்டு. ஒரு முனையில் ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணங்களும் சேர்ந்து 348 பாகை, குறைவது 12. முனைகளை ஒவ்வொன்றாக எண்ணாமலே 720ஐ 12ஆல் வகுத்து 60 முனைகள் என்று சொல்லிவிடலாம். 1985இல் கண்டறியப்பட்ட அறுபது அணுக் கரிம மூலக்கூறும் இதே வடிவம் கொண்டது. அதற்காக 1996இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கேள்வி: பேத்தியின் கணக்குப் பாடத்தில் நானும் கலந்துகொள்ள ஆசை. எனக்குத் தெரிந்தது கோயிலும் தாயக்கட்டமும்தான்.
— ஒரு தாத்தா, அங் மோ கியோ

பதில்: ஐயா, இரண்டுமே நல்ல பாடப்பொருள்கள். தாயக்கட்டையை அவள் கையில் கொடுத்து எத்தனை முகம் என்று கேளுங்கள். ஆறு என்பாள். அப்படியானால் நான்கு முகங்களில் மட்டும் ஏன் குறி இட்டிருக்கிறார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். அது நீண்ட சதுரப் பட்டகம்; முனைச்சதுரத்தின்மேல் நிமிர்ந்து நிற்பது அரிது என்பதால் அவ்விரு முகங்களும் ஆட்டத்தில் சேரவில்லை. ஆறு முகமும் சமவாய்ப்போடு விழ வேண்டுமானால் கனசதுரம் தேவை.

அடுத்த முறை சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது கோபுரத்தின் எதிரே நின்று, அடித்தளம் சதுரமா செவ்வகமா என்று பார்க்கச் சொல்லுங்கள். சதுர அடித்தளத்தின்மேல் நான்கு பக்கமும் ஒரே சரிவில் உயர்ந்தால் ஒரு புள்ளியில் கூடும். அங்கே ஒரு கலசத்துக்குத்தான் இடம். செவ்வக அடித்தளத்தின்மேல் அதே சரிவில் உயர்ந்தால் புள்ளியில் கூடாது, ஒரு நீண்ட முகட்டில் போய் முடியும். இரண்டு சரிவகங்களும் இரண்டு முக்கோணங்களும் பக்கங்களாக அமையும். கோபுரத்தின் உச்சியில் கலசங்கள் வரிசையாக நிற்பதற்கு அந்த நீண்ட முகடு இடம் தருகிறது. சிற்பங்களையெல்லாம் மனத்தளவில் ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் பன்முகியை மட்டும் அவள் ஒரு தாளில் வரைந்து காட்டட்டும். உச்சியில் இருக்கும் வளைந்த கூரைப்பகுதியைச் சேர்த்தால் அது பன்முகி ஆகாது என்று அவளே மறுத்தால், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாணவர்கள் கையில் கணினி இருக்கும்போது கத்தரிக்கோலும் அட்டையும் எதற்கு? ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் எல்லாவற்றையும் சுழற்றிப் பார்க்கலாமே.
— உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், பிடோக்

பதில்: பார்க்கலாம், பல முகங்கள் உள்ள வடிவங்களுக்கும் குறுக்குவெட்டுகளுக்கும் அதைவிட நல்ல கருவி இல்லை. கனசதுரத்தை ஒரு தளத்தால் வெட்டினால் அறுகோணம் கிடைக்கும் என்பதை அட்டையில் காட்டுவது பெரும்பாடு. திரையில் ஒரு நொடி. ஆனால், திரையில் சுழற்றும் மாணவர் விடை தெரியும்வரை சுழற்றுகிறார், யோசிப்பதில்லை. சுழற்றுவதற்கு முன் விடையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். விரிப்புக்கு மட்டும் முதலில் அட்டைதான் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பள்ளி விழாவுக்காக அட்டையில் பன்னிருமுகி செய்கிறோம். கடைசி முகம் மூட மாட்டேன் என்கிறது. எப்போதும் ஓர் இடைவெளி விழுகிறது.
— உயர்நிலை 1 மாணவியர் குழு, சுவா சூ காங்

பதில்: சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கடைசி முகத்தில் வந்து நிற்கின்றன. பன்னிரண்டு ஐங்கோணங்களையும் தனித்தனியே வெட்டி ஒட்டாதீர்கள். ஓர் ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து ஐங்கோணங்கள் ஒட்டிய விரிப்பை ஒரே அட்டையில் வரைந்து வெட்டுங்கள், அதுபோல் இன்னொன்று. மடிக்குமுன் ஒவ்வொரு மடிப்புக் கோட்டிலும் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒருமுறை இழுத்துவிடுங்கள். மடிப்பு கோட்டிலேயே விழும். இரண்டு பாதிகளும் கிண்ணங்களாக எழுந்ததும், ஒன்றின் பற்கள் மற்றதன் இடைவெளிகளில் போய்ப் பொருந்தும்.

ஒட்டு நாக்குகளை எங்கெங்கோ வைத்துவிட்டு இரண்டு நாக்குகள் ஒரே விளிம்பில் மோதுவதும் இடைவெளிக்கு ஒரு காரணம். முப்பது விளிம்புகளில் மடிப்பு 11 போக, ஒட்ட வேண்டியவை 19. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மட்டும் ஒரு நாக்கு. ஆக 19 நாக்குகள் போதும். இரண்டு பாதிகளாகச் செய்யும்போது ஒவ்வொரு பாதியிலும் ஐந்து மடிப்புகளே இருக்கும். பதினோராவது மடிப்பு இரு பாதிகளையும் சேர்க்கும் முதல் விளிம்பு. அதற்கு நாக்கு வைக்காமல் வெளிப்புறம் ஒட்டுநாடா போட்டு, கீல் கதவுபோல் திறந்து மூடிச் சரிபார்த்த பின் மற்றவற்றுக்குப் பசை தடவுங்கள்.